மண்டபத்துக்குள் வந்த தையல் மிஷின்கள்

ஜரிகைத் தோரணத்துக்குக் கீழே தையல் மிஷின்கள் வரிசையாக நின்றதை நான் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். இன்று ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனிக்குப் பாலாறு எட்டாத மேட்டில் புதுக் கட்டடம். வேலைக்கு வரும் பெண்களின் வண்டிகளை நிறுத்தக்கூட இடம் போதவில்லை. சந்தோஷம்தான். ஆனாலும் என் மனம் ஒட்டிக்கொண்டிருப்பது அந்தக் கல்யாண மண்டபத்தில்தான்.

சில வருஷங்களுக்கு முன் பெய்த பெருமழையில் ஆறு பெருகி, கரையோரம் இருந்த பழைய கம்பெனிக்குள் புகுந்தது. மாடி குடோனில் இருந்த தோல் தப்பியது. சேற்றில் கிடந்த மிஷின்களை மெக்கானிக்குகள் கழுவி ஓடவைத்துவிட்டார்கள். உட்கார்ந்து தைக்கத்தான் இடமில்லை. வெளிநாட்டு ஆர்டர் நேரத்துக்குப் போகாவிட்டால் கம்பெனியை மூடவேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் அடுப்பு எரிந்ததே அந்தச் சம்பளத்தில்தான். மேட்டில் இருந்த ஒரே பெரிய இடம் கல்யாண மண்டபம். அதையோ எங்கள் சூப்பர்வைசர் தன் மகள் கல்யாணத்துக்குப் பேசிவைத்திருந்தார். கணவர் இல்லாமல் தனியாக வளர்த்த ஒரே பெண். அவரை நாங்கள் எல்லோரும் ஆபா என்றுதான் கூப்பிடுவோம், அக்கா என்பது போல.

"இதுல இன்னா பேஜாரு? கீழ மிஷின் ஓடட்டும், மேல நிக்கா நடக்கட்டும்" என்றார் ஆபா. மாப்பிள்ளை வீட்டார் வாணியம்பாடிக்காரர்கள், அவர்களும் தோல் வேலையில் இருப்பவர்கள். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள்.

ஆபாவின் காது பொல்லாதது. அத்தனை இரைச்சலிலும் ஒரு மிஷின் நின்றால் போதும், "யாருக்கு நூல் அறுந்துச்சு?" என்று வந்து நிற்பார்.

கல்யாணத்தன்று பின்கட்டிலிருந்து பிரியாணி வாசனை வர, நாங்கள் தைத்துக்கொண்டிருந்தோம். மாடியில், படியை ஒட்டிய அறையில் பெண்; அறைக்கு வெளியே படி முனையில் ஆபா. சம்மதம் கேட்கப் பெரியவர்கள் ஏறிப்போனார்கள். இந்த இரைச்சலில் மகள் குரல் ஆபாவுக்கு எப்படிக் கேட்கும்? யாரும் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள், நானும் எடுத்தேன். வரிசை முழுக்க நின்றது.

உடனே பட்டுப்புடவையோடு ஆபா படியிறங்கி ஓடிவந்தார். "இன்னாச்சு? கரண்ட் போய்டுச்சா? ஏன் எல்லாம் நின்னுபோச்சு?" அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மேலே அந்தப் பெண் "கபூல்" என்று சம்மதம் சொன்னாள். எங்களுக்குக் கேட்டது. ஆபாவுக்குக் கேட்கவில்லை.

மேலே "முபாரக்" என்று வாழ்த்துக் குரல்கள் எழுந்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "உங்களுக்குக் கேக்கணும்னுதான் ஆபா நிறுத்தினோம்" என்றேன்.

ஆபா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லா சத்தமா சொன்னாளா?"

"கணீர்னு சொன்னா ஆபா."

"போதும். நீங்க கேட்டீங்க இல்ல. மிஷினப் போடுங்க."