ப்ரோமோ மலைக்குப் போன ஷீபா

உத்திரமேரூர் ஏரிக்கரையைவிட உயரமான இடத்தில் ஷீபா அதுவரை நின்றதில்லை. முதியவர்களைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை. தினமும் பஸ் ஏறித் திருமுக்கூடலுக்குப் போய், ஆதிலட்சுமி அம்மாளுக்குச் சர்க்கரை பார்த்து, ஊசி போட்டு, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டு வருவாள். அந்த அம்மாளின் மகன் ஸ்ரீகாந்துக்கு இந்தோனேசியாவில் சுரபயா நகரில் வேலை. அம்மாவைக் கொஞ்ச நாள் தன்னோடு வைத்துக்கொள்ள அழைத்துப்போக வந்தவன், “ஷீபாக்கா, நீங்க இல்லாம அம்மா வராது. நீங்களும் கெளம்புங்க” என்றான்.

கணவன் சாம்சனுக்கு மனசே இல்லை. “எரிமலைக்கு இட்டுனு போறாங்களாமே, நெருப்பு கக்காதா?”

“தூரமா நின்னு காட்டுவாங்கய்யா” என்றாள் ஷீபா. அப்படித்தான் அவளும் நம்பியிருந்தாள்.

சுரபயாவிலிருந்து மலைப்பாதையில் ஏறி, ஒரு விளிம்பில் ஜீப் நின்றது. கீழே பெரிய கிண்ணம்போல் ஒரு பள்ளம். அதன் அடி முழுக்கச் சாம்பல் மணல். புல் பூண்டு கிடையாது. நடுவில் வாய் திறந்த ஒரு மலை வெள்ளையாகப் புகைந்துகொண்டிருந்தது.

“அதான் ப்ரோமோ. பிரம்மாவோட பேரு” என்றான் ஸ்ரீகாந்த். அங்கே குடியிருக்கும் தெங்கர் மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்துக்கள் என்றும், வருஷா வருஷம் திருவிழாவில் காய்கறி, கோழி எல்லாம் அந்த மலையின் வாய்க்குள் போடுவார்கள் என்றும் சொன்னான். மலை உச்சியில் பிள்ளையார் இருக்கிறார் என்றதும் ஆதிலட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மணலைக் குதிரையில் கடந்தார்கள். பனி இறங்கி முன்னால் போன குதிரையும் மறைந்துபோனது. கடிவாளத்தைப் பிடித்து நடந்த, போர்வை சுற்றிய ஆளின் முதுகை மட்டும் பார்த்தபடி ஷீபா ஏசுவின் பேரை முணுமுணுத்துக்கொண்டே போனாள். அடிவாரத்தில் கருங்கல் கோயில் ஒன்று பனிக்குள்ளிருந்து திடீரென்று எழுந்தபோது அலறியேவிட்டாள்.

உச்சிக்கு ஏறும் படிக்கட்டின் கீழே ஆதிலட்சுமி உட்கார்ந்துவிட்டாள். “என் காலு ஏறாது ஷீபா. இந்தப் பூவ நீ கொண்ட்டு போயி புள்ளையாரு கால்ல வையி.”

“எனக்கு பயமா கீதும்மா.”

“ஸ்ரீகாந்து கூட கீறான், போ.”

மேலே ஏற ஏறக் காற்றில் கந்தக நெடி தொண்டையைக் கீறியது. உச்சியில் மனிதர் நடக்கக் கொஞ்சம் இடம். இந்தப் பக்கம் சரிவு, அந்தப் பக்கம் பாதாளம். உள்ளேயிருந்து ஓயாமல் ஓர் உறுமல் வந்தது. காதில் கேட்டதைவிடப் பாதத்தில்தான் அது அதிகம் தெரிந்தது. பிள்ளையார் காலடியில் பூவை வைத்துவிட்டு ஷீபா திரும்பினாள். பக்கத்தில் ஸ்ரீகாந்தைக் காணவில்லை. தடுப்புக் கம்பி முடிந்த இடத்தையும் தாண்டி, விளிம்போடு நடந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

“சார், போதும் வாங்க சார்!”

அவன் கையசைத்தான். அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. பள்ளத்துப் புகை மொத்தமும் புரண்டு மேலே கவிந்தது. சுற்றி நின்றவர்கள் இருமிக்கொண்டே படிகளில் இறங்கி ஓடினார்கள். கண் எரிந்தது. மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்தாற்போல் இருந்தது.

புகைக்குள்ளிருந்து ஸ்ரீகாந்தின் குரல் கேட்டது. “அக்கா! எனக்கு எதுவுமே தெர்ல!”

ஷீபாவின் கால்கள் படியை நோக்கித்தான் போயின. இரண்டு மூன்று படி இறங்கியும்விட்டாள். கீழே உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளிடம் என்ன சொல்வது என்று நினைத்ததும் இறங்க முடியவில்லை. ஏறவும் முடியவில்லை. அழுதுகொண்டே மறுபடி மேலே போய், முந்தானையை மூக்கில் கட்டி, மண்ணில் குப்புற விழுந்து தவழ்ந்தாள். வலக்கை பட்ட இடமெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்து உள்ளே போனது. அது எங்கே போய் விழுகிறது என்ற சத்தமே வரவில்லை.

“சார், பேசிக்கினே இருங்க! நிறுத்தாதீங்க!”

அவன் இருமினான். அந்த இருமலைப் பிடித்துக்கொண்டு போனவளின் கையில் ஒரு ஷூ தட்டுப்பட்டது. ஸ்ரீகாந்த் கவிழ்ந்து படுத்திருந்தான். ஒரு கால் உள்பக்கச் சரிவில் தொங்கியது. இழுக்க அவளுக்குத் தெம்பில்லை. அவன் இடுப்பு பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்து, வெளிப்பக்கச் சரிவில் தன் உடம்பைச் சாய்த்துக்கொண்டாள்.

“அக்கா, உட்றாதீங்க.”

“உடல. அசையாதீங்க. அசைஞ்சா ரெண்டு பேருமே பூடுவோம்.”

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார்கள் என்று இருவருக்கும் தெரியாது. புகை விலகத் தொடங்கியபோது, கடிவாளம் பிடித்து நடந்த அந்தக் குதிரைக்காரர் கீழேயிருந்து ஏறி, ஈரத் துணியைக் கடித்தபடி ஊர்ந்து வந்தார். அவர்தான் ஸ்ரீகாந்தின் தோளைப் பிடித்து மேலே இழுத்தார். ஷீபாவின் விரல்களை பெல்ட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

கீழே மகனைப் பார்த்ததும் ஆதிலட்சுமி பளாரென்று அறைந்தாள். பிறகு ஷீபாவைக் கட்டிக்கொண்டு, “நான்தானே உன்ன அனுப்பனேன், நான்தானே அனுப்பனேன்” என்று விசும்பினாள்.  ஷீபாவுக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது.

ஆதிலட்சுமியோடு ஊருக்கு வந்த பிறகும் பயம் விடவில்லை. திருமுக்கூடல் வேலைக்குப் போகிறாள், எப்போதும்போல ஊசி போடுகிறாள். ஆனால் உத்திரமேரூர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நெல் அவிக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. அங்கே நீராவி திறந்துவிடும் சத்தம் கேட்டால் பாதத்துக்கு அடியில் தரை உறுமுகிற மாதிரி இருக்கும். சாம்சன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். “அது அரிசி மில்லு தாம்மே!”

“தெரியுது. ஆனா காலு கேக்க மாட்டேங்குதே” என்பாள். இப்போதும் முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி, சுற்றிக்கொண்டுதான் வீடு வருகிறாள்.