கயிற்றுக்குக் கீழே இறங்கிய டாஃபோடில்

வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்க வேண்டும் எனக்கு. உப்பு டப்பா ஒரு சாண் தள்ளியிருந்தால்கூட யார் எடுத்தது என்று கேட்காமல் விடமாட்டேன். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் என் கணவர் வாரத்தில் ஆறு நாள் கீழேயே தங்கிவிடுவார். வியாபாரம் என்று ஊருக்குச் சொல்வார். என் வாய்க்குப் பயந்துதான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் மலை உச்சி மெட்டுக்கு மேலே, எங்கள் ஏலத்தோட்டத்து வீட்டில் இருந்துகொள்வேன்.

டாஃபோடில் பூ ஆசை எனக்கு போனைப் பார்த்து வந்தது. காஷ்மீரிலிருந்து பார்சலில் இருபத்து நான்கு கிழங்குகள் வந்தன. பார்த்தால் பல்லாரி வெங்காயமேதான். எங்கள் மலைக் குளிர் அதற்குப் போதாது, முதலில் பத்து வாரம் ஃப்ரிட்ஜில் கிடக்க வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மேலே வந்த கணவர் ஆம்லெட்டுக்கு ஒன்றை எடுத்துக் கத்தியை வைத்துவிட்டார். "ஐயோ, அது வெசம்!" என்று கத்தினேன்.

"வெசத்தப் போயி தயிருக்குப் பக்கத்துலயா வைப்பே?" என்றார். அதோடு அந்த ஃப்ரிட்ஜிலிருந்து அவர் எதையும் கேட்காமல் எடுப்பதில்லை.

கார்த்திகை கடைசியில் நட்டேன். வீட்டு வாசலுக்குக் கீழே சரிவு தொடங்கும் இடத்தில் இரண்டு கல்லுக்கால்கள் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கயிறு இழுத்துக் கட்டி, கயிற்றுக்கு நேர் கீழே ஒரு சாண் ஆழத்தில் ஒவ்வொன்றாக வைத்தேன். ஏலத்தோட்டக்காரர்களுக்கு இது பிறவிப் பழக்கம். கயிறு பிடிக்காமல் ஒரு குழி எடுக்க மாட்டோம். வரிசை கோணியிருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். செடிக்குக் கால் உண்டா என்ன?

மணல் கலந்து கொடுத்தது தோட்டத்தில் வேலை பார்க்கும் அக்கா. எங்கள் தோட்டத்தில் மற்றவர்கள் எல்லாம் காலையில் போடியிலிருந்து ஜீப்பில் வந்து சாயங்காலம் இறங்கிவிடுவார்கள். அக்கா மட்டும் சரிவின் அடியில் இருந்த பழைய லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒரு அறையில், இரண்டு ஆடுகளோடு தனியாக இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். என் கோபத்துக்குப் பதில் கோபம் காட்டக்கூடிய ஒரே ஆள் அவள்தான். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

மாசியில் பூத்தது. மஞ்சள் பூக்கள், எல்லாம் சரிவின் பக்கமே முகம் திருப்பி நின்றன. வெயிலைப் பார்க்கிறது என்று சொல்லிக்கொண்டேன். மூடுபனி இறங்கி வெயிலே இல்லாத நாளிலும் அப்படியே லயத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றன. "வெங்காயத்துக்குக் கம்மல் போட்டு விட்டுருக்கீக தாயி" என்று அக்கா சிரித்தாள். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

அடுத்த தையில் இலை மட்டும் வந்தது. பூ இல்லாதது எனக்குப் பெரிதாகப் படவில்லை. வரிசையைப் பார்த்ததும்தான் கயிற்றை எடுத்து மறுபடி இழுத்துக் கட்டினேன். கல்லுக்கால்களுக்குப் பக்கத்தில் இருந்தவை சரியாக இருந்தன. நடுவில் இருந்த ஏழெட்டு மட்டும் கயிற்றைவிட்டு நாலு விரல் சரிவுப் பக்கம் கீழே தள்ளி முளைத்திருந்தன. ராத்திரியில் இங்கே தங்குகிறவள் அக்கா ஒருத்திதான் என்பதால், என் சந்தேகத்தை அவளிடமே சாடையாகச் சொன்னேன். அக்கா காதில் வாங்காதவள் மாதிரி போய்விட்டாள்.

வைகாசியில் இலை காய்ந்ததும் நடுவில் இருந்தவற்றைத் தோண்டி எடுத்து, மறுபடி கயிறு பிடித்து நேராக வைத்தேன். யாரையும் பக்கத்தில் விடவில்லை.

மறுவருஷம் தை. இலைகள் வந்தபோது வரிசையின் நடுப்பகுதி தொட்டில் சேலை தொய்வதுபோல ஒரு சாண் கீழே தொங்கியது. மண்டியிட்டுப் பார்த்தேன். மண்ணில் கால் தடம் இல்லை. பெயர்த்த அடையாளம் இல்லை. மேலே படர்ந்திருந்த பச்சைப் பாசி ஓரிடத்திலும் கிழியவில்லை. பாசியைக் கிழிக்காமல் கிழங்கை நகர்த்த மனுஷக் கையால் முடியாது. அது என் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனாலும் என் புத்தி மனுஷரைத்தான் தேடியது. மனுஷர் இல்லையென்றால் வேறு என்ன என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தையெல்லாம் கோபமாக்கி, கிழங்கை நகர்த்திய கள்ளி என்று அக்காவின் தலையில் கொட்டினேன்.

ஜீப்பில் வந்த ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தோட்டத்துச் சாமிக் கல்லுக்குப் போய்ச் சூடம் கொண்டுவந்தாள். பாத்திக்குப் பக்கத்தில் கொளுத்தி வைத்தாள். "இந்தக் கெழங்க நா தொட்டிருந்தா எங்குடி வெளங்காமப் போகட்டும்" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள்.

சூடம் அணைத்துவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் கேள்வி கேட்பவர்தான் குற்றவாளி. எங்கள் பக்கத்தில் கொலை வழக்கே அப்படி நின்றிருக்கிறது. நானும் வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து அக்கா என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. வேலைக்கு வருவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான்.

வாயை மூடினேனே தவிர நம்பவில்லை. இதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போடிச் சந்தைக்குப் போயிருந்தபோது, வீடு கட்டி மிஞ்சிய கம்பியில் இடுப்புயரத்துக்கு ஆறு துண்டு எடுத்து, கயிற்றுக்கு நேராக, தொய்ந்த கிழங்குகளுக்கு மேல்பக்கம் சம்மட்டியால் மண் மட்டத்துக்கு அடித்து இறக்கினேன். மேலே சருகு போட்டு மூடினேன். கம்பி நின்ற இடத்தில் நின்று கிழங்கு மட்டும் நகர்ந்தால், கை அவளுடையது. பொறி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

அதற்கிடையில் வைகாசியில் ஒருநாள் அக்கா சொன்னாள், லயத்தில் கதவு பிடிக்கிறது, சாத்த முடியவில்லை என்று. ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்றேன். ஆனியிலும் சொன்னாள். ஆடுகள் ராத்திரி உள்ளே படுக்க மாட்டேன் என்று கத்துவதாகவும் சொன்னாள். ஆட்டுக்கும் உன் குணம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடியில் ஐந்து நாள் விடாமல் மழை. ஆறாம் நாள் காலையில் கொஞ்சம் வெறித்தது. குடையோடு போய்க் கயிற்றை இழுத்துக் கட்டிச் சருகை விலக்கினேன். ஆறு கம்பிகளும் கயிற்றுக்கு ஒரு முழம் கீழே இருந்தன. ஆறும் ஒரே வரிசையில், ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. பாசி அப்போதும் கிழியவில்லை. திரும்பி மேலே பார்த்தேன். வாசல் படிக்குக் கீழே புல்லுக்குள் ஒரு வெடிப்பு, கை நுழையும் அகலத்துக்கு. மழைத் தண்ணீர் அதற்குள் போய்க்கொண்டே இருந்தது. எங்கேயும் வெளியே வரவில்லை. நின்ற இடத்தில் காலுக்கடியில் ஆட்டுக்கல் சுற்றுவதுபோல மெல்ல ஒரு சத்தம் கேட்டது.

செருப்பை விட்டுவிட்டு லயத்துக்கு ஓடினேன். அக்கா அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, வெரசாக் கெளம்புங்க. மண்ணு எறங்குது."

அவள் எழுந்திருக்கவில்லை. "கள்ளின்னு சொன்னீக. இப்ப வீட்டையும் காலி பண்ணச் சொல்றீகளா?"

"இல்லக்கா, சத்தியமா மண்ணு எறங்குது."

"கதவு பிடிக்குதுன்னு எத்தன தடவ சொன்னேன்? அப்பயெல்லாம் எறங்காத மண்ணு இன்னைக்குத்தான் எறங்குதாக்கும். எனக்குச் சோலி கெடக்கு தாயி, நீங்க போங்க."

கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டாள். சொல்லாமல் அவளைக் கிளப்ப முடியாது என்று தெரிந்துபோனது. சொன்னேன். "நீங்க சூடம் அணைச்ச பெறகும் நா நம்பலக்கா. ஒங்களக் கையுங்களவுமாப் பிடிக்கத்தான் மண்ணுக்குள்ள கம்பி அடிச்சு வச்சேன். அந்தக் கம்பியே எறங்கிக் கெடக்கு. ஆறும்."

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தாள், ஆடுகளை அவிழ்த்தாள், என்னைத் திரும்பிப் பாராமல் சரிவைச் சுற்றிப் போகும் ரோட்டுப் பாதையில் ஏறினாள். ஜீப்பு வரும்வரை மழையில் தள்ளியே நின்றாள். அதே ஜீப்பில் நானும் போடிக்கு இறங்கினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து போன் வந்தது. உருள் பொட்டிவிட்டது என்றார்கள். மலையில் மண் சரிவதை அப்படித்தான் சொல்வோம். எங்கள் வாசலில் பாதியும் லயம் முழுவதும் போயிருந்தன.

அந்த வாரமே கடைத்தெருவில் பேச்சு கிளம்பியது. பொய்ச் சத்தியம் பலித்துவிட்டது, சூடம் அணைத்தவள் குடியைப் பார்த்தாயா என்று. சொன்ன ஆள் கணவர் கடை வாசலில்தான் நின்றிருந்தார். நடுரோட்டில் நின்று அவரைக் கிழித்துத் தொங்கவிட்டேன். அவள் சொன்னது மெய், பொய்யாய் நினைத்தவள் நான் என்று எல்லாருக்கும் கேட்கக் கத்தினேன். கணவர் உள்ளே போய்த் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் வாய் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது அன்று ஒருநாள்தான்.

அக்கா இப்போது போடியில் வாடகைக்கு இருக்கிறாள். மற்றவர்களோடு ஜீப்பில் வேலைக்கு வருகிறாள்.

போன தையில் சரிந்த மண் இறுகிய பிறகு நாங்கள் இருவரும் கீழே இறங்கிப் பார்த்தோம். லயம் இருந்த இடத்தில், அக்காவின் அடுப்பு இருந்த இடம் என்று அவளே காட்டிய இடத்தில், மூன்று கொத்து இலை முளைத்திருந்தது. ஒன்றில் மொட்டு இருந்தது. அடுப்புக் கல் ஒன்று பக்கத்தில் பாதி புதைந்து கிடந்தது. அவள் அங்கே இருந்திருந்தால் என்ற நினைப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினேன். "மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

அக்கா பாட்டிலை வாங்கினாள். மூடியைத் திறந்தாள், மறுபடி மூடி என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"என் சத்தியத்த நீங்க நம்பியிருந்தா நா செத்திருப்பேன் தாயி. அத நெனச்சாத்தான் எனக்குத் தண்ணி எறங்க மாட்டேங்குது."