உறைப்புக் குறைத்த மேசை

என் பேத்தியை என் பேத்தி இல்லை என்று சொன்னவன் நான். அவள் பக்கத்தில் நிற்க, அவளுக்கு விளங்கும் தமிழில் சொன்னேன்.

சுவிஸில், லாங்கன்தால் ஊரில் மண்டபம் எடுத்து மகனுக்குக் கலியாணம் செய்தோம். மூத்த மகள் சுவிஸ்காரர் ஒருவரைக் கட்டியிருந்தாள். அவர்களின் பிள்ளைக்கு அப்போது எட்டு வயதிருக்கும். செம்பட்டை முடி, சாம்பல் கண், பட்டுப்பாவாடை, கையில் பூத்தட்டு. பெண்வீட்டு மாமி ஒருவர் அன்று காலைதான் கனடாவிலிருந்து வந்திறங்கியிருந்தார்.

“என்ன அண்ணை, தட்டுப் பிடிக்க எங்கட பிள்ளையள் கிடைக்கேல்லையோ? இந்த வெள்ளைக்குட்டி ஆரின்ர?”

கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பயந்துவிட்டேன். “பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஆசைப்பட்டுது, பாவாடை கட்டிவிட்டனாங்கள்.”

பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. தட்டை இன்னொரு சிறுமியிடம் கொடுத்தாள். வேலையிடத்து வெள்ளைக்காரருக்கென்று, உறைப்புக் குறைத்த கறிகளோடு ஒரு மேசை ஒதுக்குவது எங்கள் வழக்கம். அங்கே போய் இருந்து சாப்பிட்டாள். ஏன் என்று மகள் கேட்டதற்கு, “இங்க இடமிருந்தது” என்றாள்.

பிறகு எந்த மண்டபத்துக்குப் போனாலும் அந்த மேசையில் ஒரு சின்ன முதுகு தெரியும். பள்ளியில் அவளை ‘நீ உண்மையில் எந்த நாடு’ என்று கேட்கிறார்களாம் என்று மகள் ஒருநாள் சொன்னாள். “பரவாயில்லை அப்பா, எங்கட ஆக்களுக்குள்ள அவளை ஆரும் அப்பிடிக் கேக்கிறேல்லைத்தானே.” ஓம் என்றேன்.

இன்று பேத்திக்கே ஒரு மகன். போன வருடம் என் எண்பதாவது பிறந்தநாளில் மைக்கை வாங்கி, நடந்ததை எல்லாருக்கும் முன்னால் சொல்லி, “இவள் என்ர பேத்தி” என்றேன். கைதட்டினார்கள். மகள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

கார் நிறுத்துமிடத்தில் பேத்தி என்னிடம் வந்தாள்.

“அம்மப்பா, அம்மாக்கு நான் இவ்வளவு காலமும் சொல்லேல்லை.”

“ஏன் பிள்ளை?”

“அவவுக்கு நீங்கள் வேணும் எண்டுதான். மைக்கை வாங்க முதல் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்.”

மகள் அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை. போன் எடுத்து, மருந்து போட்டேனா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். பேத்தி மட்டும் ஆராவ் நகரத்திலிருந்து மகனைக் கூட்டி வருகிறாள். அவனை என் மடியில் இருத்திவிட்டுத் தேநீர் போடப் போவாள். நான் அவனோடு கதைக்கத் தொடங்கினால் குசினியில் சத்தம் நின்றுவிடும். என்ன சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.