உதுமான் பாயும் ஒன்பது வௌவால்களும்

மே மாதத்தில் பகல் பதினொரு மணியானால் உதுமான் பாய் பேச்சை நிறுத்திவிடுவார். அதற்குமேல் புருவம்தான் பதில் சொல்லும். ஒன்று ஏறினால் 'ஆமாம்', இரண்டும் ஏறினால் 'உமக்கு வேறு வேலை இல்லையா'. எனக்குப் பெரும்பாலும் இரண்டும் ஏறும்.

தாராவியிலிருந்து எங்கள் மாதுங்கா கல்லூரிக்கு நடந்தே வருகிறார். நிழல் விழும் பக்கம்தான் அவர் பாதை. நிழல் இல்லையென்றால் தெருவையே மாற்றிக்கொள்வார். ஸ்டூலில் உட்கார்ந்தால் அக்குளில் காற்றுப் படும்படி கைகளைச் சற்று விலக்கி வைத்துக்கொள்வார்.

"காலிபீலி, சும்மா எதுக்கு சார் கையை ஆட்டுதீங்க? ஆட்டுனா வேர்க்கும், வேர்த்தா தவிக்கும், தவிச்சா தண்ணிக்கு நடக்கணும்லா" என்பார். அதைக் கேட்கும்போதும் நான் ஃபைல் அட்டையால் விசிறிக்கொண்டுதான் இருப்பேன்.

கடையநல்லூர்க்காரர். தாராவித் தோல் மண்டிக்காக ஆட்டுத்தோல் வாங்க ஜெய்சல்மேர்ப் பாலைவனத்தில் ஐந்து வருஷம் அலைந்தவர். அங்கே பாழடைந்த கோட்டைகளில் வாழும் நீள வால் வௌவால்களைப் பிடிக்க எங்கள் விலங்கியல் பேராசிரியருக்கு வழிகாட்டப் போனார். பிடித்தவற்றைப் பார்த்துக்கொள்ளும் தற்காலிக வேலையில் இங்கேயே தங்கிவிட்டார். ஒன்பது வௌவால்கள், ஓடு வேய்ந்த ஓர் இருட்டறை. வெக்கை ஏற ஏற அவை தம் உடம்பையும் கூடவே சூடாக விட்டுவிட்டு, மூச்சைக் குறைத்து, செத்தவை போலத் தொங்கும். சூட்டை எதிர்த்துப் போராடினால் உடம்பிலுள்ள நீரும் கொழுப்பும் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடுமாம்.

"வால் அடியில உருண்டையா தெரியுதுலா, அதான் அதுங்க கட்டுச்சோறு. எழுப்புனா தின்னு தீத்துரும்" என்பார் பாய்.

பேராசிரியர் பூனாவுக்குப் போகும்போது கண்டிப்பாகச் சொன்னார்: பகலில் அறைக்குள் யாரும் நுழையக் கூடாது, ஒன்பதும் உயிரோடு இருந்தால்தான் ஆராய்ச்சி. ஆராய்ச்சி நின்றால் பாயின் வேலையும் நிற்கும் என்பது, குமாஸ்தாவான எனக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை. பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். எனக்குக் கை சும்மா இருக்காது. கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. வெப்பமானி நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தது. இரக்கம் பொத்துக்கொண்டு வந்தது. ஆபீஸ் மேஜை விசிறியைத் தூக்கிக்கொண்டு போய் முழு வேகத்தில் வைத்தேன். வாயில்லா ஜீவன்களுக்கு நான் செய்த முதல் சேவை அது. ஒன்பதும் விழித்துச் சுவரில் மோதி மோதிச் சுழன்றன. நான் தலையில் ஃபைலைக் கவிழ்த்துக்கொண்டு மூலையில் குந்தினேன். எட்டு எப்படியோ கூரையைப் பற்றிக்கொண்டன. ஒன்று தரையில் கிடந்தது.

பாய் வந்து விசிறியை அணைத்தார். தரையில் கிடந்ததை எடுத்து, பஞ்சை நனைத்து அதன் வாயில் வைத்தார். பிறகு என் சுட்டுவிரலை நீட்டச் சொல்லி, வௌவாலைத் தலைகீழாக அதில் மாட்டிவிட்டு, ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்.

"எழுப்புனது நீங்கதானே? நீங்களே தூங்க வையுங்க. அசையாதீங்க."

பி.ஏ. பாஸ் செய்த ஆணியாக ஒரு மணி நேரம் நின்றேன். இன்னொரு கை முழங்கையைத் தாங்கியிருந்தது. வௌவாலின் நெஞ்சு படபடவென்று அடித்தது. பிறகு மெல்ல அடங்கியது. பிறகு அசைவே தெரியவில்லை.

"பாய், போயிருச்சே!" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பொறுங்க சார். வயித்தைப் பாருங்க."

பார்த்துக்கொண்டே இருந்தேன். நெடுநேரம் கழித்து ஒரே ஒரு மூச்சு.

"தூங்கிட்டு. இனிப் பொழைச்சிக்கிடும்."

என் நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. துடைக்க வழியில்லை. தொழுகைக்குத் தவிர உச்சி வெயிலில் யாருக்காகவும் எழாத மனிதர் ஸ்டூலை விட்டு எழுந்தார். அறையைக் கடந்து வந்து, தம் தோள் துண்டால் என் முகத்தை மெல்லத் துடைத்துவிட்டார்.