அடுப்படிச் சுவரில் அடுத்தவர் வீட்டுத் தட்டுகள்

எங்கள் வீடு மலைச்சரிவை வெட்டிக் கட்டியது. அடுப்படியின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் மண்தான். ஐப்பசி மழை பிடித்தால் சுவர் தண்ணீர் குடிக்கும். குடித்ததை உள்ளேயே வைத்துக்கொண்டு பெயிண்டைச் செதில் செதிலாக உதிர்க்கும். வருஷா வருஷம் நடப்பது, எங்களுக்குப் பழகிப்போனது. அந்த வருஷம் மட்டும் அதை மறைத்தே ஆகவேண்டும் என்று நான் நின்றதற்குக் காரணம், என் மகனுக்குப் பேசியிருந்த பெண் வீட்டார் அடிவாரத்திலிருந்து வீடு பார்க்க வருவதாகச் சொன்னதுதான்.

வீடு பார்க்க வரும் ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து, நிலம் எவ்வளவு, போர் போட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டு டீ குடித்துப் போய்விடுவார்கள். பெண்கள் அப்படி இல்லை. தன் மகள் நின்று சமைக்கப்போகும் இடத்தைப் பார்க்காமல் எந்தத் தாயும் ஜீப் ஏறுவதில்லை. இதற்கு முன்பு ஓர் இடம் தட்டிப்போயிருந்தது. அவர்கள் காரணம் சொல்லவில்லை. சுவர்தான் காரணம் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

ஈரத்தில் பூச்சு நிற்காது. "ஒரு காலண்டர மாட்டுங்க" என்றாள் மனைவி. கறை காலண்டரைவிடப் பெரியது. எனக்கு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை. புகைந்து நாறும் மோட்டாரைக்கூட நிதானமாகப் பிரிப்பேன். வீட்டு விஷயம் என்றால் மட்டும் முதலில் ஃப்யூஸ் போவது எனக்குத்தான். அப்படி ஃப்யூஸ் போன வேளையில், யாரோ பழைய தட்டுகளைச் சுவரில் பூப்போல மாட்டியிருந்த வீடியோ என் செல்போனில் வந்து விழுந்தது.

ஜமுனாமரத்தூர் சந்தையில் பழைய பாத்திரக்காரர் ஒருவர் கடை விரிப்பார். அடிவாரத்து ஊர்களில் பிளாஸ்டிக் டிரம்மைக் கொடுத்துப் பழைய பாத்திரத்தை மாற்றிக்கொண்டு மேலே வருகிறவர்.

"தட்டு வேணும். பெருசு சின்னது கலந்து."

"சோத்துக்கா, விசேஷத்துக்கா?"

"சுவத்துக்கு."

என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "சுவரு இன்னா துன்னும்?" என்று கேட்டுக்கொண்டே தராசை எடுத்தார்.

எடைக்கு வாங்கியதால் மலிவாகவே முடிந்தது. எவர்சில்வர் தட்டுகள், ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளம், கிழிந்த சல்லடை ஒன்று. தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். டிரில்லால் விளிம்பில் துளை போட்டு, காயில் கட்டும் செம்புக் கம்பியை முறுக்கிக் காது வைத்தேன். கறையின் உருவத்தைச் சாக்பீஸால் தரையில் வரைந்து அதன்மேல் தட்டுகளைப் பரப்பிப் பார்த்தேன். நடுவில் தாம்பாளம், சுற்றிலும் மற்றவை, இடுக்கில் சல்லடை. ஊறிய சுவரில் ஆணி ஆடியது. மரச்சில்லு வைத்து அடித்து ஏற்றினேன். எட்ட நின்று பார்த்தால் நன்றாகவே இருந்தது. "பரவால்லியே" என்றாள் மனைவி. அவள் வாயில் அதற்குமேல் பாராட்டு கிடையாது.

ஜீப் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. பெண்ணின் அப்பா, அம்மா, அப்பாவின் அக்கா. டீயை எடுக்க நான் அடுப்படிக்குள் போனேன். ஜன்னல் வெயில் சுவரில் விழுந்திருந்தது. தட்டு விளிம்புகளில் புள்ளி புள்ளியாக எழுத்து மின்னியது.

நம் பக்கத்தில் பெயர் வெட்டாமல் யார் பாத்திரம் வைக்கிறார்கள்? இது தெரியாதவன் இல்லை நான். கறையை மறைக்கும் அவசரத்தில் தட்டின் அகலத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ஒன்றில் ஒரு பெண்ணின் பெயர், பக்கத்தில் 'திருமணப் பரிசு'. அடுத்ததில் வேறொரு பெண், அதே 'திருமணப் பரிசு'. என் மகனுக்கு ஏற்கெனவே இரண்டு கல்யாணம் ஆகி, சீர்த்தட்டுகளைப் பிடுங்கிக்கொண்டு மருமகள்களை விரட்டிவிட்டோம் என்று நினைக்க இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

"ஏங்க, டீ ஆறுது" என்று மனைவி வந்தாள்.

"பேரு" என்றேன்.

"இன்னா பேரு?"

"தட்டுல."

பார்த்தாள். "நல்லா மாட்டினீங்க" என்று மெதுவாகச் சொல்லி, டீத்தட்டோடு போய்விட்டாள்.

ஒரு தட்டைக் கழற்றினேன், கறை தெரிந்தது. திரும்ப மாட்டினேன், மருமகள் தெரிந்தாள். அதற்குள் பெண்ணின் அம்மா உள்ளே வந்துவிட்டார். நான் கைகளை விரித்துச் சுவரோடு ஒட்டி நின்றேன்.

"சுவரத் தாங்கிக்கினு கீறீங்களாண்ணா?"

"இல்லம்மா, காத்து அடிக்குது."

எங்கள் அடுப்படியில் காற்று வர வழியே கிடையாது. அவர் என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். பார்வை தாம்பாளத்தில் நின்றது. முகம் மாறிவிட்டது. அவ்வளவுதான், இந்த இடமும் போச்சு.

"எல்லாம் எடைக்கு வாங்கினதும்மா" என்று கொட்டினேன். "சுவரு ஊறிப்போச்சு, அத மறைக்க மாட்டினேன். பையனுக்கு இதான் மொத கல்யாணம்."

அவர் காதில் அது ஏறியதாகவே தெரியவில்லை. வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இது எங்க நாத்தனாரு என் கல்யாணத்துக்கு வச்சது. பேரு பாருங்க. டிரம்முக்கு மாத்திட்டேன். பரண்மேல கீதுன்னு சொல்லிக்கினு கீறேன்."

"அடுப்படி இந்தப் பக்கமா?" என்று கூடத்திலிருந்து அந்த நாத்தனாரின் குரல் வந்தது.

"கழட்டுங்கண்ணா."

"கழட்டுனா சுவரு தெரியும்மா."

"அப்ப திருப்பி மாட்டுங்க."

அவசரத்தில் எனக்குக் கம்பி ஆணியில் சிக்கவில்லை. அவரே வாங்கி, பெயர் சுவரைப் பார்க்கும்படி மாட்டிவிட்டு நகர்ந்தார். நாத்தனார் உள்ளே வந்து இடுப்பில் கைவைத்துச் சுவரைப் பார்த்தார்.

"இது யாரு பேரெல்லாம்?"

"எடைக்கு வாங்கினதாம் அண்ணி. மொதல்லயே சொல்லிட்டாங்க."

"ஆசையா வச்சத எடைக்குப் போட்டுக்கிறாங்க பாரு." தாம்பாளத்தைக் காட்டினார். "இது மட்டும் இன்னாத்துக்கு முதுகக் காட்டிக்கினு கீது?"

"அதான் அண்ணி டிசைனு" என்றார் பெண்ணின் அம்மா. நான் தேவைக்கு அதிகமாகத் தலையாட்டினேன்.

ஜீப் ஏறும்போது அவர் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "சுவரு காஞ்சதும் பூசிடுங்கக்கா. அதுவரிக்கும் அத யாரும் திருப்பாம பாத்துக்குங்க." இந்த இடம் தட்டிப்போகவில்லை, அடுத்த முறையும் வருவார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தையில் கல்யாணம் முடிந்தது. நாத்தனார் புதுத் தாம்பாளம் ஒன்று வைத்தார், பெரிய எழுத்தில் பெயர் வெட்டி. அதை என் கையிலேயே கொடுத்தார்.

"இதையும் மாட்டுங்க. இது நேராவே இருக்கட்டும்."

முதுகைக் காட்டும் பழையதற்குப் பக்கத்தில் நேராகத்தான் மாட்டியிருக்கிறேன். சம்பந்தியம்மா மட்டும் இங்கே வரும்போது அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.