மூலையில் நின்ற அரசன்

செலியமேட்டுக் கரும்பு விவசாயி மணிமாறனின் மகள் இளவரசிக்குப் பதினான்கு வயது. வயலோரப் பம்ப் கொட்டகையில் அண்ணன்மாரோடு ஆடியே சதுரங்கம் கற்றவள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. செக் வைக்காமலேயே எதிரியின் அரசனை நகர வழியின்றி அடைத்துவிட்டாலே போதும், “கட்டிப்போட்டாச்சு!” என்று கூவி, வென்றதாக எழுந்துவிடுவார்கள். போட்டி விதி அதுவன்று என்பதைப் பின்னாளில் படித்தறிந்தாள். அறிவு திருந்தியது, கை திருந்தவில்லை.

வில்லியனூர்த் திருமண மண்டபத்தில் இளையோர் போட்டியின் இறுதிச் சுற்று. வென்றால் புதுச்சேரி அணியில் இடம். காலையில் திருக்காமீசரை வேண்டி, மகளின் நெற்றியில் திருநீறு இட்டபடியே தாய் கண்ணகி தீர்த்துச் சொல்லியிருந்தாள்: “எடம் கெடச்சா ஆடு. இல்லன்னா பத்தாவது முடியிற வரைக்கும் இந்தப் பேச்சே கூடாது, ஆமா.” பத்தாவது முடிவதற்குள் இப்பிரிவுக்கான வயதே கடந்துவிடும் என்பதை இளவரசி அறிவாள்.

எதிரே அமர்ந்திருந்தவள் பன்னிரண்டு வயது லில்லி, கடலோரத்து மீனவர் மகள். அவளிடம் எஞ்சியது தனியரசன் ஒருவனே. இளவரசியிடம் அரசனோடு அரசியும் இருந்தாள். ஆனால் அவள் கடிகாரத்தில் மிச்சம் இருபது நொடி.

லில்லியின் அரசன் மூலைக்கு ஒதுங்கினான். இளவரசியின் கை பாய்ந்தது. அரசியைக் குதிரை தாவும் தொலைவில் நிறுத்தி, அவனைச் சுற்றிய மூன்று கட்டங்களையும் அடைத்தாள்.

“கட்டிப்...” என்று வாய் தொடங்கியும்விட்டது.

லில்லி பலகையை உற்றுப் பார்த்தாள். “அக்கா, நீ செக் வெக்கலியே. எனக்குப் போவவும் எடமில்ல. அப்ப ட்ரா தான?”

நடுவர் சுப்புராயன் வந்து குனிந்து பார்த்துக் கடிகாரத்தை நிறுத்தினார்.

“ட்ராதாம்மா. ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க.”

“சார், அத மட்டும் மாத்தி வெச்சிக்கிறேன் சார்...”

“வெச்ச கைய எடுத்துட்டியேம்மா.”

“நான் எப்பவோ தோத்துட்டேன்னுதான் குந்தினு இருந்தேங்க்கா!” லில்லிக்குச் சிரிப்பு தாளவில்லை.

வாயிலில் கண்ணகி காத்திருந்தாள்.

“இன்னாடி, மூஞ்சி இப்டி கீது? தோத்துட்டியா?”

“தோக்கல. ட்ரா.”

“எடம்?”

இளவரசி தலையசைத்தாள், இல்லையென்று.

கண்ணகி திட்டவில்லை. திட்டியிருந்தால் எதிர்த்து ஒரு சொல்லாவது சொல்லியிருக்கலாம். முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“வுடு. நாளைக்கே பத்தாவதுக்கு டியூசன் சார பாத்துடலாம். வா, பாகூர் பஸ்சு போயிடும்.”

“சரிம்மா,” என்றாள் இளவரசி.