காத்தாடி பாய்

ஈரத்துணியைப் பிழிந்து, சூரிய மின்தகட்டின் மேல்விளிம்பிலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக இழுக்கிறார் அப்துல் கனி. பனித்திட்டு கிராமத்துக் கடற்காற்று பூசிவிட்டுப் போன உப்பெல்லாம் துணியோடு வருகிறது. பிறகு அண்ணாந்து, கம்பத்தின் உச்சியில் சுற்றும் காற்றாடியை அதட்டுகிறார். "மெதுவாடா! இன்னா அவசரம் உனுக்கு?"

பேசுவதற்கு அவருக்கு அங்கே வேறு ஆள் இல்லை.

பாகூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். மனைவி சபுரா இறந்ததும் கடையை மூடிவிட்டு, அரசாங்கம் சோதனைக்காக இங்கே நிறுத்திய தகடுகளுக்கும் காற்றாடிக்கும் காவலாக வந்தார். இரண்டும் சேர்ந்து கொட்டகையிலுள்ள பேட்டரிகளை நிரப்பும். தெருவிளக்கும் ஊர்ப் பொது டெலிவிஷனும் அதில்தான் ஓடின. எப்படி என்று, அவரைப் பார்க்கப் போயிருந்த நான் கேட்டதும் மனிதர் பூரித்துப்போனார். "சித்திரையில காத்து சும்மா கெடக்கும், வெயிலு வேல செய்யும். ஐப்பசியில வெயிலு பூடும், காத்து எழுந்துக்கும். ஒண்ணு இல்லன்னா இன்னொண்ணு சார்."

ஊருக்கு அவர் 'காத்தாடி பாய்'. ஞாயிறு சாயங்காலம் படம் பார்க்க ஊரே கொட்டகையில் கூடும். இடத்துக்கு அடிதடியே நடக்கும். பாய் படம் பார்த்ததில்லை. கதவோரம் நின்று ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருக்குப் பெரிய தலைவலி மீன்காரி பவுனம்மாள். தகடு சுத்தமாக இருக்கிறது, நன்றாகச் சுடுகிறது, நாய் ஏறாது. கருவாடு காய வேறென்ன வேண்டும்? சரிந்து விழாமலிருக்கப் பழைய வலையை விரித்து, அதன்மேல் நெத்திலியைப் பரப்பிவிட்டுப் போய்விடுவாள்.

"இன்னாம்மா பவுனு, மீனு மூடிக்கினா கரண்டு எப்டி வரும்?"

"வெயிலு இன்னா உன் வூட்டு சொத்தா பாய்? ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம்."

இந்த வாய்ச்சண்டை அநேகமாகத் தினமும் நடந்தது. பாய் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

போன தை மாதம் கம்பி வழியாக ஊருக்கு மின்சாரம் வந்தது. வீட்டுக்கு வீடு பல்பு. ஊர்த்தலைவர் வீட்டில் டெலிவிஷன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அங்கே போய்விட்டது. தெருப்பக்கம் புதிதாகப் போட்ட சிமெண்டுக் களத்துக்குப் பவுனம்மாளின் நெத்திலியும் போய்விட்டது. "இப்பல்லாம் பேட்டரி எப்பவும் ஃபுல்லாவே கீது சார்" என்றார் பாய். அவர் ஆசைப்பட்டது நடந்திருக்கிறது. ஆனால் அதைச் சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நான் கிளம்பும் நேரம், பவுனம்மாள் தலையில் கூடையோடு வேலியோரமாகப் போனாள். "இன்னா பாய், நல்லா கீறியா?" என்று கேட்டாளே தவிர, நிற்கவில்லை.

பாய் அவசரமாகத் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த ஓரத்துத் தகட்டை மறுபடி துடைத்தார்.

"பவுனு... இந்தத் தட்டு சும்மாத்தாம்மா கெடக்குது. நல்லா சுடுது."

அவள் பதில் சொல்வதற்குள் ஓடிப்போய் வேலிப் படலைத் திறந்து, பிடித்துக்கொண்டு நின்றார்.